‘போஸ்தமஸ்’ பதக்கத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?

உயர்நிலை 2 படிக்கும் என் அக்கா மகன், சிங்கப்பூரின் முழுமைத் தற்காப்பு தினத்துக்காகத் தமிழில் ஓர் அட்டை தயாரித்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு வரி: “லெப்டினன்ட் தாமஸ் வில்கின்சன் மறைவுக்குப் பிந்தைய வீரத்துக்காக விக்டோரியா கிராஸ் பெற்றார்.” விக்டோரியா கிராஸ் என்பது பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம். எழுதி முடித்துவிட்டு அவனே நெற்றியைச் சுருக்கினான். “மாமா, செத்துப்போனவர் எப்படி வாங்குவார்?”

கேள்வி சரிதான். அதைவிடப் பெரிய சிக்கலும் அந்த வரியில் இருக்கிறது. செத்த பிறகு வீரம் காட்டினார் என்றல்லவா படிக்கிறது!

வில்கின்சன் வீரம் காட்டியது உயிரோடு இருந்தபோதுதான். சீனத்தின் யாங்சி ஆற்றில் ஓடிய ‘லீ வோ’ என்ற பழைய நீராவிக் கப்பலுக்கு அவர் தலைவர். சிங்கப்பூர் விழுவதற்கு இரண்டு நாள் முன்பு, 1942 பிப்ரவரி 13 அன்று, கப்பல் இங்கிருந்து கிளம்பியது. மறுநாள் ஜப்பானியக் கப்பல் அணி ஒன்று எதிர்ப்பட்டது. தப்பி ஓட வழியில்லை. இருந்தது நான்கு அங்குலப் பீரங்கி ஒன்று, கொஞ்சம் குண்டுகள். அதை வைத்துச் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் தன் கப்பலையே எதிரியின் துருப்புக் கப்பல்மீது மோதவிட்டார். சிறை முகாம்களிலிருந்து மீண்டவர்கள் வந்து சொன்ன பிறகுதான் வெளியுலகுக்கு இது தெரிந்தது. பதக்க அறிவிப்பு வர 1946 டிசம்பர் ஆகிவிட்டது.

இப்படி ஒருவர் இறந்தபின் வழங்குவதைத்தான் ஆங்கிலத்தில் ‘போஸ்தமஸ்’ என்கிறார்கள். லத்தீனில் ‘போஸ்துமுஸ்’ என்றால் கடைசியானது, கடைக்குட்டி. தகப்பன் இறந்தபின் பிறக்கும் பிள்ளையையும் அப்படியே அழைத்தார்கள். சாவோ புதைப்போ அந்தச் சொல்லின் வேரில் இல்லை. பின்னால் வந்தவர்கள் மண்ணைக் குறிக்கும் ‘ஹுமுஸ்’ என்ற சொல்லோடு அதை முடிச்சுப்போட்டு, நடுவில் ஓர் ‘எச்’சைச் செருகினார்கள். அந்த ‘எச்’ எழுத்தில் மட்டும் உண்டு, வாயில் வராது. இன்னொன்று: 1856இல் தொடங்கிய விக்டோரியா கிராஸை ஆரம்பத்தில் இறந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. “உயிரோடு இருந்திருந்தால் பரிந்துரைத்திருப்போம்” என்று அரசிதழில் ஒரு வரி போடுவார்கள், அவ்வளவுதான். 1902இல்தான் முதல்முறையாக இறந்தவர்களுக்குக் கொடுத்தார்கள்; விதியில் அது முறைப்படி சேர்ந்தது 1920இல்.

நம்மைச் சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? இந்தோனேசியர்கள் சமஸ்கிருதத்திலிருந்து வந்த ‘அனுமெர்த்தா’வை ஜெனரல்களின் பெயரோடு சேர்த்தே எழுதுகிறார்கள். சீனத்தில் ‘ஜுய் ஷோவ்’. துரத்திச் சென்று வழங்குவது என்று பிரிக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஆள் போய்விட்டார், மரியாதை பின்னாலேயே ஓடுகிறது. மலையாளிகளுக்கு ‘மரணானந்தர’. அதைத் தமிழில் அப்படியே எழுதினால் மரணமும் ஆனந்தமும் கைகோத்ததுபோல இருக்கும். அங்கே இருப்பது ‘அனந்தரம்’, அதாவது பிறகு. ஆனந்தம் இல்லை.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது, தேவையும் இல்லை. ‘மறைவுக்குப் பின்’ போதும். ஆனால் அது நிற்கும் இடம் முக்கியம். ‘வழங்கப்பட்ட’ என்பதை ஒட்டி நிற்க வேண்டும், ‘வீரம்’ என்பதை ஒட்டி அல்ல. ‘மறைவுக்குப் பின் வழங்கப்பட்ட வீரப் பதக்கம்’ சரி. ‘மறைவுக்குப் பிந்தைய வீரப் பதக்கம்’ தடுமாறும். சிலர் ‘நினைவுப் பதக்கம்’ என்று சுருக்குகிறார்கள். அது ஓட்டப்பந்தயத்தில் கலந்துகொண்ட எல்லாருக்கும் கொடுப்பது.

பதக்கம் என்ற சொல்லே நகைப்பெட்டியிலிருந்து வந்ததுதான். சிராங்கூன் சாலை நகைக்கடையில் பதக்கம் கேட்டால், சங்கிலியின் நடுவில் தொங்கும் கல் பதித்த துண்டை எடுத்துக் காட்டுவார்கள்.

‘மறைவு’ என்ற சொல்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. தொண்ணூறு வயதில் தூக்கத்தில் போனவருக்கும் அதே சொல்தானே? சண்டையில் சாவதற்கு நம் முன்னோர் தனிச் சொல் வைத்திருந்தார்கள்: படுதல். திருவண்ணாமலைப் பக்கம் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு இருக்கும், எந்தப் பூசல், யாருடைய சேவகன் என்று இருக்கும், முடிவில் ‘பட்டான் கல்’ என்று வரும். மாடு மீட்கப் போய்ப் பட்டவனுக்கும் அதே கல், அதே சொல். மேலே வில்லோடும் வாளோடும் அவன் உருவம். இன்றைக்குப் பதக்கத்தோடு வாசிக்கும் பாராட்டுரையில் இருப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான். இறந்தவனுக்குப் பிறகு வந்து சேரும் மரியாதைக்கு நம்மிடம் பெயரடை இல்லாவிட்டாலும், ஒரு கல்லே இருந்திருக்கிறது.

‘பட்டார்’ என்று இன்று எழுதினால் ‘கஷ்டப்பட்டாரா?’ என்று கேட்பார்கள். அதனால் ‘களத்தில் வீழ்ந்தபின்’ என்று எழுதலாம். பட்டியலில் அடைப்புக்குறிக்குள் போடுவதற்கு மட்டும் ‘மறைவுக்குப் பின்’ இருக்கட்டும். இந்தியாவின் பரம் வீர் சக்ரா பெயர்ப் பட்டியலில் 21 பேரில் 14 பேருக்கு அந்த அடைப்புக்குறி தேவைப்படும்.

அப்புறம், ‘பெற்றார்’. மருமகன் கேட்டது அதைத்தான். இறந்தவர் பெறுவதில்லை, அவருக்கு வழங்கப்படுகிறது. மேடையில் ஏறி வாங்குபவர் மனைவியோ பெற்றோரோ, அவர் ‘சார்பில்’ பெற்றுக்கொள்கிறார். அவன் அட்டையைத் திருப்பிப்போட்டு மறுபடி எழுதினான்: “களத்தில் வீழ்ந்த லெப்டினன்ட் வில்கின்சனுக்கு 1946இல் விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.” வீழ்ந்தார் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் ‘பின்’ என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை. “ஆனா அவர் விழுந்தது கடல்ல, மாமா” என்றான். ‘களத்தில்’ என்பதை அடித்துவிட்டு ‘கடற்போரில்’ என்று எழுதிக்கொண்டான்.