எஸ்டிஏ என்று எழுதியது நான்தான்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. எடைமேடைக் கணக்கும் விவசாயிகளுக்கான பில்லும் அங்கே ஒரே சர்வரில்தான் ஓடுகின்றன. சீசன் சூடு பிடித்துவிட்டால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். அப்போது அந்த சர்வர் பக்கம் யாரையும் விடமாட்டார்கள். அதனால் மே மாதக் கடைசியில் ஒரு ராத்திரி, தர்மபுரியில் என் வீட்டில் உட்கார்ந்தபடியே சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டமான பழைய உபுண்டுவைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டேன். தானியங்கி இன்ஸ்டால்தான், ஒரு கேள்விகூடக் கேட்காது. கொஞ்ச நேரத்தில் முடிந்தது. எஸ்எஸ்ஹெச்சில், அதாவது தூரத்திலிருந்தே கட்டளை கொடுக்கும் வழியில், நுழைந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. தூங்கப் போய்விட்டேன்.

காலையில் கணக்கு பார்க்கும் தம்பியிடமிருந்து போன்.

"அண்ணா, பேக்கப் டிஸ்க்க இப்பதான் கழட்டினேங்க. சர்வர் அப்படியே நின்னுடுச்சுங்க."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த 2 டிபி யூஎஸ்பி டிஸ்க் ராத்திரி முழுக்க சர்வரின் பின்னால் செருகியே இருந்திருக்கிறது. இன்ஸ்டாலரின் கேள்விகளுக்கு நான் முன்கூட்டியே எழுதி வைத்த பதில் கோப்பில் "எஸ்டிஏ என்ற டிஸ்க்கில் போடு" என்று இருந்தது. எஸ்டிஏ என்றால் முதல் டிஸ்க், எஸ்டிபி என்றால் இரண்டாவது. வழக்கமாக முதலாவது உள்ளே இருக்கும் 480 ஜிபி எஸ்எஸ்டி. அன்றைக்கு பூட் ஆகும்போது யூஎஸ்பி டிஸ்க் முந்திக்கொண்டு எஸ்டிஏ ஆகிவிட்டது, எஸ்எஸ்டி எஸ்டிபி ஆகிவிட்டது. இன்ஸ்டாலர் சொன்னதைச் செய்தது. புது உபுண்டு யூஎஸ்பியிலிருந்து ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. தம்பி அதைப் பிடுங்கியதும் சர்வர் போய்விட்டது. ரீஸ்டார்ட் செய்தால் பழைய உபுண்டு, பழைய டேட்டா, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நிற்கிறது. அழிய வேண்டியது பிழைத்துக்கொண்டது, அழியக் கூடாத பேக்கப் போய்விட்டது. சர்வரில் இல்லாத மூன்று வருடக் கணக்கு அதில்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஆடிட்டரிடம் பிரதி கிடைத்தது. மிச்சம் ஒரு வருடத்தை தம்பி பில் புத்தகங்களைப் பார்த்து மறுபடி ஏற்றினான். அந்த நாட்களில் என்னிடம் அவன் அதிகம் பேசவில்லை.

சாதாரணமாக இன்ஸ்டால் செய்யும்போது எந்த மொழி, எந்த டிஸ்க், என்ன பாஸ்வேர்டு என்று கேட்டுக்கொண்டே வரும். தானியங்கி முறையில் எல்லாப் பதிலையும் ஒரு கோப்பில் முன்கூட்டியே எழுதித் தருகிறோம். ரெட்ஹேட் வகை லினக்ஸில் அதற்கு கிக்ஸ்டார்ட் என்று பெயர், டெபியனில் பிரிசீட், உபுண்டு சர்வரில் 20.04 முதல் ஆட்டோஇன்ஸ்டால். விண்டோஸிலும் இதே வேலைக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு உண்டு. முதல்முறை எழுதுபவர்கள் வெறும் பக்கத்தில் தொடங்க வேண்டாம். ஒரு மெஷினில் கையால் இன்ஸ்டால் செய்து முடித்தால், நீங்கள் சொன்ன பதில்களை ரெட்ஹேட் ரூட் ஃபோல்டரிலும், உபுண்டு இன்ஸ்டாலர் லாக் ஃபோல்டரிலும் கோப்பாகவே விட்டு வைத்திருக்கும். அதை எடுத்துத் திருத்துங்கள்.

திருத்தும்போது முதலில் டிஸ்க் வரியைப் பாருங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்பதெல்லாம் பூட் ஆகும்போது கிடைக்கிற வரிசைப் பெயர், பஸ்ஸில் கிடைத்த சீட் மாதிரி. பெயரே சொல்லாமல் விட்டாலும் தப்பவில்லை. உபுண்டு இருப்பதிலேயே பெரிய டிஸ்க்கை எடுத்துக்கொள்ளும். என் விஷயத்தில் அதுவும் அந்த 2 டிபிதான்! டிஸ்க்கின் சீரியல் நம்பரை எழுதுவதுதான் வழி. உபுண்டுவில் சீரியலைப் பொருத்திப் பார்க்கச் சொல்லலாம், கிக்ஸ்டார்ட்டில் ஐடி வழியாக ஒரே டிஸ்க்கைக் காட்டி மற்றதைத் தொடாதே என்று சொல்லலாம். சீரியல் பொருந்தவில்லை என்றால் இன்ஸ்டால் நின்றுவிடும். நிற்கட்டுமே. இன்னொன்று, பூட் ஆகும்போது கொடுக்கும் கெர்னல் வரியில் ஆட்டோஇன்ஸ்டால் என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் உபுண்டு டிஸ்க்கைத் தொடும் முன் ஒருமுறை கேட்கும். அந்தச் சொல்லைச் சேர்த்தவனும் நான்தான்.

அடுத்த பொறி பூட் வரிசை. தூரத்து சர்வரை அதன் பிஎம்சி வழியாகத்தான் எழுப்புகிறோம், அதாவது சர்வர் அணைந்திருந்தாலும் தூரத்திலிருந்து அதை இயக்க உதவும் ஐடிராக், ஐஎல்ஓ போன்ற தனிச் சில்லு. "நெட்வொர்க்கில் பூட் ஆகு" என்று ஐபிஎம்ஐ கட்டளை (பிஎம்சியோடு பேசும் நெறிமுறை அது) கொடுத்தால் சாதாரணமாக அது அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். நிரந்தரம் என்று சேர்த்தால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் நெட்வொர்க்குக்குப் போகும், மறுபடி இன்ஸ்டால் ஆகும், மறுபடி அழியும். அப்புறம் ஏன் சிலர் நிரந்தரம் போடுகிறார்கள்? கட்டளை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். 60 விநாடிக்குள் பவர் கட்டளை வராவிட்டால் அந்த ஒருமுறைக் குறி காலாவதியாகிவிடும் என்பது ஐபிஎம்ஐ விதி. வந்து ரீஸ்டார்ட் செய்தால் வேலை செய்யாது, எரிச்சலில் நிரந்தரமாக்கிவிடுவார்கள். இரண்டு கட்டளையையும் ஒரே ஸ்கிரிப்டில் அடுத்தடுத்து போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது.

ஆலையில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில்தான் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளைப் போட்டு பிஎக்ஸ்இ, அதாவது நெட்வொர்க் வழி பூட், நடத்துகிறேன். ஐபி கொடுக்கும் வேலையை பிராட்பேண்ட் ரவுட்டரே பார்த்துக்கொள்ள, இது ப்ராக்ஸியாக பூட் விவரத்தை மட்டும் சொல்லும். அந்த சர்வரின் நெட்வொர்க் கார்டுக்கே உரிய மேக் முகவரிக்கு மட்டும் பதில் சொல்லும்படி கட்டியிருக்கிறேன். இல்லாவிட்டால், நெட்வொர்க் பூட் முதலில் இருக்கும் எந்த கம்ப்யூட்டரும், கேட்டில் பில் போடுவது உட்பட, காலையில் ஆன் செய்ததும் தானாகவே உபுண்டு ஆகிவிடும். வேலை முடிந்ததும் அந்தச் சேவையை நிறுத்தியும் விடுகிறேன்.

பிஎம்சியை நேராக இன்டர்நெட்டில் திறந்து வைக்காதீர்கள், விபிஎன் வழியாக மட்டும் போங்கள். ஐபிஎம்ஐ 2.0 உள்ளே நுழையாதவருக்கும் பாஸ்வேர்டு ஹேஷை, அதாவது பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவத்தை, கொடுத்துவிடும். அது நெறிமுறையிலேயே உள்ள ஓட்டை.

இப்போதெல்லாம் பதில் கோப்பை முதலில் ஒரு விர்ச்சுவல் மெஷினில், வேண்டுமென்றே இரண்டாவதாக ஒரு பெரிய டிஸ்க்கையும் மாட்டி ஓட்டிப் பார்க்கிறேன். முடிந்ததும் எந்த டிஸ்க்கிலிருந்து ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தூக்கம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஆலைக்கு ஒரு போன். இந்த மே மாதமும் கேட்டேன்.

"தம்பி, பின்னாடி ஏதாவது குத்தியிருக்கா, பாரு."

"இருங்கண்ணா... வாட்ச்மேன் போன் சார்ஜ் போட்டிருக்காருங்க. கழட்டச் சொல்லிடறேன்."

"டிஸ்க்கு?"

"டிஸ்க்க நேத்தே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேங்கண்ணா. பீரோல வெச்சுப் பூட்டிட்டேன்."