தட்டிப் பார்த்தால் சொல்லிவிடும் கொதிகலன்

வேல்ஸின் மேற்குக் கரையில் டாலிலின் என்றொரு சின்ன ரயில் பாதை இருக்கிறது. மலையிலிருந்து ஸ்லேட் கல்லை இறக்குவதற்காக 1860-களில் போட்ட பாதை. 1950-இல் அதன் உரிமையாளர் இறந்ததும் கதை முடிந்தது என்றுதான் ஊரார் நினைத்தார்கள். ஆனால் ஆர்வலர்கள் சிலர் சங்கம் அமைத்து, 1951-இல் தாங்களே வண்டியை ஓட்டினார்கள். உலகிலேயே தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய முதல் ரயில் பாதை அதுதான். அப்போது அங்கே ஓடக்கூடிய நிலையில் இருந்தது 1866-இல் செய்த ‘டோல்கோக்’ என்ற நீராவி எஞ்சின் மட்டுமே. அது இன்றும் அங்கே இருக்கிறது.

இத்தனை வயதான எஞ்சினை எப்படி ஓட வைக்கிறார்கள்? சக்கரம், பிஸ்டன் எல்லாம் தேய்ந்தால் கடைந்து புதிதாகச் செய்துகொள்ளலாம். கவலையெல்லாம் தண்ணீரைக் காய்ச்சி நீராவியாக்கும் கொதிகலனைப் பற்றித்தான்.

கொதிகலனுக்குள் ஒரு நெருப்புப் பெட்டி இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களில் அது பெரும்பாலும் செம்பு. அதைச் சுற்றித் தண்ணீர், தண்ணீரைச் சுற்றி இரும்பு வெளித்தகடு. 10 பார் அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கில், உள்ளங்கை அளவு தகட்டின் மீது ஏறத்தாழ ஒரு டன் பாரம் அழுத்தும். தட்டையான தகடு அதைத் தாங்காது, உப்பிவிடும். அதனால் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் நூற்றுக்கணக்கான குட்டைக் கம்பிகளால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். ‘ஸ்டே’ என்பது அந்தக் கம்பியின் பெயர்.

சிக்கலே இந்தக் கம்பிகளில்தான். தீ மூட்டினால் முதலில் சூடாவது உள்பெட்டி. போதாததற்கு, ஒரே சூட்டில் செம்பு இரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். இரண்டு தகடுகளும் அடியில் ஒரு வளையத்தால் இறுக்கப்பட்டிருப்பதால், பெட்டி மேல்நோக்கித்தான் வளர முடியும். மேல் வரிசைக் கம்பிகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளைந்து, ஆறும்போது நிமிரும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒரு கட்டத்தில் ‘பட்’டென்று ஒடியுமே, அதேதான். மேல் மூலைகளில் உள்ள ஸ்டேக்கள் முதலில் ஒடிவதும் இதனால்தான்.

ஒடிந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தையில் பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பதைப் போல, பரிசோதகர் நெருப்புப் பெட்டிக்குள் முடங்கி உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேயின் தலையையும் சுத்தியலால் தட்டுவார். நல்ல ஸ்டே கணீரென்று ஒலிக்கும். ஒடிந்தது மந்தமாக ஒலிக்கும். சில கொதிகலன்களில் ஸ்டேயின் நடுவே மெல்லிய துளை போட்டிருப்பார்கள். ஒடிந்தால் அதன் வழியே நீர் கசிந்து காட்டிக்கொடுக்கும். இப்போது மீயொலிக் கருவியால் தகட்டின் தடிமனையும் அளக்கிறார்கள். ஆனாலும் சுத்தியல் ஓய்வு பெறவில்லை.

அடுத்த எதிரி தண்ணீர். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பு இங்கேயும் படியும். அது போர்வை மாதிரி; நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே தங்கி, தகடு பழுத்துப் பலமிழக்கும். அதனால் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை கொதிகலனை ஆறவிட்டு, அடைப்பான்களைக் கழற்றி, குழாயால் பீய்ச்சிக் கழுவி, மூலைகளில் கம்பி விட்டுச் சுரண்டுவார்கள். அவசரப்பட்டுச் சூட்டோடு குளிர்ந்த நீரை விட்டால் தகடு விரிசல் விடும்.

அப்புறம், பிரிட்டனில் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்குள் கொண்டுசெல்லும் எல்லாக் குழாய்களையும் உருவி முழுப் பரிசோதனை நடக்கும். இதற்குத்தான் பணம் தண்ணீராகச் செலவாகும்.

ஆனால் கொதிகலனின் ஆயுளைக் கூட்டும் பெரிய வேலைக்குச் செலவே இல்லை. பொறுமை போதும். வண்டி ஓட வேண்டிய நாளுக்கு முந்தைய நாளே, ஆறிக் கிடக்கும் எஞ்சினில் சின்னதாக ஒரு விறகுத் தீ மூட்டுகிறார்கள். ராத்திரி முழுக்க அந்தச் சூடு தகட்டுக்குத் தகடு மெல்லப் பரவும். விடியற்காலையில் வரும் தன்னார்வலர் முதலில் கொதிகலனின் மேல் கை வைத்துப் பார்ப்பார். வெதுவெதுப்பாக இருக்கும். அழுத்தமானியின் முள் இன்னும் அசைந்திருக்காது. சரி என்று அதன் பிறகுதான் நிலக்கரியை அள்ளுவார்.