காற்றை எதிர்கொண்டு வளரும் பனிச்சிறகு

ஸ்காட்லாந்தில் படிக்கும் வாசகர் ஒருவர், தம் மலையேற்றக் குழுவுடன் வார இறுதியில் பென் நெவிஸ் மலைக்குப் போய்வந்து ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். முதல் உலகப் போரில் இறந்த சார்லஸ் இங்கிலிஸ் கிளார்க்கின் நினைவாக 1929-இல் திறக்கப்பட்ட கற்குடில் ஒன்று, அம்மலையின் வடபுறத்தில் சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தங்கிய இரண்டு நாளும் மேகம் விலகவே இல்லையாம். குடிலுக்கு மேலே ஏறியபோது, பாறை விளிம்புகளிலும் விட்டுப்போன பழைய கயிறு ஒன்றிலும் வெண்சிறகுகளைப் போலப் பனிக்கட்டி நீண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். “எல்லாச் சிறகுகளும் காற்று வந்த திசையை நோக்கியே வளர்ந்திருந்தன, காற்று அவற்றைப் பின்பக்கமாக அல்லவா தள்ளியிருக்க வேண்டும்?” என்று கேட்கிறார்.

மலைமீது ஏறும் காற்று குளிர்வதும், அதிலுள்ள நீராவி துளிகளாகி மேகமாவதும் பள்ளியில் படித்தவையே. ஆனால் அத்துளிகள் சுழிய டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலும் உடனே உறைந்துவிடுவதில்லை. உறைதல் தொடங்க ஏற்ற தூசுத் துகள் ஒன்று வேண்டும். அது கிடைக்காத நுண்துளி ஏறத்தாழ மைனஸ் 38 டிகிரி வரைகூட நீராகவே இருக்கும். அன்று அவர்களைச் சூழ்ந்திருந்த மேகம் இத்தகைய மீக்குளிர் நீரால் ஆனது.

இந்த மேகத்தைச் சுமந்துவரும் காற்று ஒரு கயிற்றை நெருங்கும்போது இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. துளிக்கோ காற்றைவிட எடை அதிகம். பேருந்து சட்டென்று திரும்பும்போது நிற்பவர் பழைய திசையிலேயே சாய்வதைப் போல, நிலைமத்தின் காரணமாகத் துளி வளைய முடியாமல் நேரே சென்று கயிற்றில் மோதி, மோதிய இடத்திலேயே உறைகிறது. மின்விசிறி இறக்கையின் முன்விளிம்பில் தூசி தடிப்பாகப் படிவதற்கும் இதுவே முக்கியக் காரணம். என்னை மிகவும் கவர்வது இதன் அடுத்த படிதான்: பொருள் மெல்லியதாக இருந்தால், அதை நோக்கி வரும் துளிகளில் அதிகப் பங்கு அதில் மோதுகிறது. அகன்ற சுவரை நெருங்கும் காற்று வெகு முன்னரே விலகத் தொடங்குவதால், துளிகளுக்கும் திரும்ப அவகாசம் கிடைக்கிறது; மெல்லிய கயிற்றின் அருகில் அது கிடைப்பதில்லை. எனவே, தற்செயலாகச் சற்றே துருத்திய பனிமுனை தன் பக்கத்து இடங்களைவிட மிகுதியான துளிகளைப் பிடித்து மேலும் நீள்கிறது. சிறகு வடிவம் இப்படித்தான் பிறக்கிறது.

அதன் வெண்மைக்கும் காரணம் உண்டு. மைனஸ் 8 டிகிரியில் இருக்கும் துளி மோதியதும், அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் உடனே உறைகிறது. அப்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பமே மீதி நீரைச் சுழிய டிகிரிக்கு ஏற்றிவிடுகிறது. அந்த வெப்பத்தைக் காற்று விரைவாகக் கொண்டுபோனால், ஒவ்வொரு துளியும் பரவுமுன் தனித்தனி மணியாக உறைந்து, இடையே காற்று சிறைப்பட்டு, ஒளி சிதறி வெண்மை தோன்றுகிறது. வெப்பம் மெதுவாக வெளியேறினால், நீர் வழிந்து பரவிக் கண்ணாடி போன்ற வழுக்குப் பனியாகிவிடும்.

1345 மீட்டர் உயரமுள்ள இம்மலையின் உச்சியில் 1883 முதல் ஒரு வானிலை ஆய்வகம் இயங்கியது. பணியாளர்கள் குளிர்காலத்திலும் அங்கேயே தங்கி, மணிக்கு மணி அளவெடுத்தார்கள். கருவிகளை மூடிய இதே பனியோடு போராடினார்கள். 1894-இல் அங்குச் சில நாள் பணியாற்றிய இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன், மேகத்தில் கண்ட ஒளிவளையங்களைச் சோதனைச்சாலையில் உருவாக்க முயன்றதிலிருந்தே, பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த மேக அறை (மின்னூட்டத் துகள்களின் தடங்களைக் காட்டும் கருவி) உருவானது. அந்த ஆய்வகம் 1904-இல் பணமில்லாமல் மூடப்பட்டது. உடனடிப் பயனைக் காட்டச் சொல்லி அடிப்படை ஆய்வுக்கான நிதியை நிறுத்துவது பெருந்தவறு என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்கு இன்னொரு செய்தி. சிறகு நீளும் திசை, காற்று வந்த திசை. அதே காற்று வாரிவந்த உதிர்பனி, மறுபக்கச் சரிவில் பலகை போல் இறுகிக் குவிந்திருக்கும். தென்மேற்குக் காற்று ஓய்ந்த மறுநாள், குடிலுக்கு மேலுள்ள வடகிழக்குச் சரிவுகளில்தான் பனிச்சரிவு அபாயம் கூடுதலாக இருக்கும். ஏறுமுன் பாறைகளில் உள்ள சிறகுகள் எந்தப் பக்கம் நீண்டிருக்கின்றன என்று பாருங்கள்.