அவசர சிகிச்சை: சொல் விளக்கம்

இந்தியில் ‘அவசர்’ என்றால் வாய்ப்பு. தமிழில் அவசரம் என்றால் ஓட்டம். இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்: ‘தக்க தருணம்’ என்று பொருள்படும் வடசொல். தருணம் தப்பிவிடுமே என்ற பதைப்பில்தான் தமிழில் வேகம் வந்து ஏறியிருக்க வேண்டும். ‘அவசரக்குடுக்கை’ என்று திட்டுவதற்கும் இதே சொல்தான்.

நாம் ‘அவசரம்’ என்று மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல்லான ‘எமர்ஜென்சி’ வேறு வழியில் வந்தது. லத்தீனில் ‘எமெர்ஜெரே’ என்றால் நீருக்குள் மூழ்கியிருந்தது மேலே வருவது. திடீரெனத் தலைகாட்டுவது என்ற பொருள் அதில் இருக்கிறது, வேகம் இல்லை.

இதெல்லாம் அகராதிக்காரர்களின் கவலை என்று விட்டுவிட முடியாது. ‘அவசர மருத்துவச் சிகிச்சை எவருக்கும் மறுக்கப்படக் கூடாது’ என்கிறது தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 27(3) பிரிவு. அதை நம்பி, சிறுநீரகம் செயலிழந்த டர்பன்காரர் சூப்ரமணி (நம்ம சுப்பிரமணிதான், அந்த ஊர் எழுத்துக்கூட்டலில்) டயாலிசிஸ் கேட்டு வழக்குப் போட்டார். கிடைக்காவிட்டால் சாவு நிச்சயம். ஆனாலும் 1997இல் அரசமைப்பு நீதிமன்றம் மறுத்துவிட்டது: அந்தப் பிரிவு திடீர் ஆபத்துக்குத்தான், நாள்பட்ட நோய்க்குத் தொடர்ந்து தரும் சிகிச்சைக்கு அல்ல. தமிழ்ப் பொருளில் அவருடையது அவசரம். லத்தீன் பொருளில் இல்லை.

அதே தீர்ப்பு இந்திய வழக்கு ஒன்றை எடுத்துப் பேசுகிறது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லையென்று அலையவிட்டன. வாழும் உரிமை மீறப்பட்டதாக 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. திடீர் விபத்து என்பதால் அது இரண்டு பொருளிலும் அடங்கிவிடும்.

இந்தியாவின் 2010ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம், உடனே கவனிக்காவிட்டால் உடல்நலமோ உறுப்போ கடுமையாகப் பாதிக்கப்படும் நிலையைத்தான் ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லால் குறிக்கிறது. கடுமையான வலியும் அதில் சேர்த்தி. மருத்துவமனை தன்னிடம் உள்ள வசதிக்குள் நோயாளியின் நிலை மோசமாகாமல் நிறுத்த வேண்டும். முழுதாகக் குணப்படுத்தச் சொல்லவில்லை. இதற்கு ‘நிலைப்படுத்துதல்’ நல்ல சொல்.

சரி, அவசர சிகிச்சைக்கு? ‘நெருக்கடி நிலை’ என்றதும் 1975 நினைவுக்கு வந்துவிடும். ‘உயிர்காப்புச் சிகிச்சை’ என்றால் கை போகிற நிலையில் வருபவர் வெளியே நிற்பார். எனக்கு ‘உடனடி மருத்துவம்’ பிடிக்கிறது. அவசரம் நோயாளியின் பதற்றத்தைச் சொல்கிறது, உடனடி மருத்துவமனையின் கடமையைச் சொல்கிறது. சட்ட மொழிபெயர்ப்பில் இதைப் போடலாம். வாசல் பலகையில் மட்டும் ‘அவசர சிகிச்சை’யே இருக்கட்டும், ஓடி வருகிறவர் அகராதி புரட்ட மாட்டார்.