வாய்மிடறு

எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) தடுப்பூசியைப் பற்றிய துண்டறிக்கை ஒன்று சென்ற மாதம் மெய்ப்புப் பார்ப்பதற்காக என்னிடம் வந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றிய பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த பத்தியில்தான், ‘இந்த வைரஸ் ஆண், பெண் இருபாலருக்கும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிறது’ என்ற வரி இருந்தது. மூலத்தில் ‘ஓரோஃபேரிஞ்சியல் கேன்சர்’ என்று இருந்ததை மொழிபெயர்த்தவர் அப்படி ஆக்கியிருந்தார். நாளிதழ் இணைப்புகளிலும் தொலைக்காட்சி நேர்காணல்களிலும் இந்த வரியைப் பலமுறை சந்தித்துச் சலித்தவன் நான். வேறு சிலர் ‘வாய்வழித் தொண்டைப் புற்றுநோய்’ என்கிறார்கள்; மாத்திரையை வாய்வழியாகக் கொடுக்கலாம், தொண்டையை எப்படிக் கொடுப்பது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சொற்பிறப்பில் சிக்கல் ஏதுமில்லை. ‘ஓரோ’ என்பது வாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘ஃபேரிங்ஸ்’ தொண்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மூக்கின் பின்புறத்திலிருந்து உணவுக்குழல் தொடங்கும் இடம் வரை இறங்கும் தசைக்குழாயை உடற்கூற்றியலார் மூன்றாகப் பிரித்து, மூக்குக்குப் பின்னால் இருப்பதை நேசோஃபேரிங்ஸ் என்றும், வாய்க்குப் பின்னால் இருப்பதை ஓரோஃபேரிங்ஸ் என்றும், குரல்வளைக்குப் பின்னால் இருப்பதை ஹைப்போஃபேரிங்ஸ் என்றும் வழங்குகிறார்கள். ஆகவே இந்தப் பெயரில் உள்ள ‘வாய்’ எதற்கு அடுத்த பகுதி என்பதைக் காட்டும் அடையாளம் மட்டுமே.

அந்த இடம் எது என்பதைக் கண்ணாடி இல்லாமலே அறியலாம். ‘க’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ககார ஙகாரம் முதல்நா அண்ணம்’ என்கிறது தொல்காப்பியம். நாம் நாக்கின் நுனியை முதல் என்று எண்ணிக்கொள்ள, அந்த நூலோ நாக்கு புறப்படும் பின்பகுதியை முதல்நா என்கிறது. முதல்நா எழும்பி மெல்லண்ணத்தைத் தொடும் இடத்தை ஏறத்தாழ எல்லைக்கோடு எனக் கொள்ளலாம். அதற்கு முன்னால் உதடு, கன்னத்தின் உட்புறம், ஈறு, வல்லண்ணம், நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கு ஆகியவை வாயைச் சேர்ந்தவை. அங்கிருந்து பின்னால் மெல்லண்ணம், இருபுறமும் உள்ள டான்சில்கள், நாக்கின் பின் மூன்றில் ஒரு பங்கு, பின்சுவர் ஆகியவை ஓரோஃபேரிங்ஸைச் சேர்ந்தவை.

இந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டால் எச்.பி.வி.யைப் பற்றிச் சொல்ல வந்ததே தலைகீழாகிவிடுகிறது. கருப்பைவாய்ப் புற்றிலிருந்து இந்த வைரஸின் 16ஆம் வகையை 1983இல் பிரித்துக் காட்டியவர் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன்; அதன் பொருட்டு 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில் ஒரு பிரிவுக்கு இதே வைரஸ் காரணமாகிறது என்பதற்கான வலுவான சான்றை மௌரா கில்லிசன் என்ற அமெரிக்க மருத்துவர் தம் குழுவினரோடு 2000இல் வெளியிட்டார். அந்த ஒரு பிரிவு பெரும்பாலும் டான்சிலிலும் முதல்நாவிலும்தான் தோன்றுகிறது. டான்சிலின் மேற்பரப்பில் ஆழமான குழிகள் உண்டு. அவற்றின் உட்பூச்சு மெல்லியதாகவும் இடைவெளிகளோடும் இருப்பதால், அடுக்கின் அடியிலுள்ள உயிரணுக்களை வைரஸ் எளிதில் எட்டிவிடுகிறது. அமெரிக்காவில் இப்பகுதியில் தோன்றும் புற்றுகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு எச்.பி.வி. காரணம் எனக் கணக்கிடுகிறார்கள். அவற்றிலும் பத்தில் ஒன்பது 16ஆம் வகையால் வருபவை. வாய்க்குள் வரும் புற்றுகளில் இந்த வைரஸின் பங்கு மிகச் சிறியது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாய்ப் புற்று என்றால் அதன் பின்னால் புகையிலை, வெற்றிலைப் பாக்கு, மது ஆகியவையே நிற்கின்றன. புகையிலை சேராத பாக்குகூடப் புற்றை உண்டாக்கும் என்பது நிறுவப்பட்ட செய்தி. அப்படியிருக்க, ‘எச்.பி.வி. வாய்ப் புற்றை உண்டாக்குகிறது, தடுப்பூசி அதைத் தடுக்கும்’ என்று நாம் அச்சிட்டுக் கொடுத்தால், கன்னத்தில் புகையிலையை அடக்கி வைத்திருப்பவர் அதை எப்படிப் படிப்பார்? ஊசி ஒன்று போட்டுக்கொண்டால் போயிற்று என்றுதான் படிப்பார். மறுபுறம், புகைபிடிக்காதவர் ஒருவருக்குக் கழுத்தில் வலியில்லாமல் நெறி கட்டியிருந்தால், அது முதல்நாவில் ஒளிந்திருக்கும் புற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம் என்பதை அறியாமல், வாயைத் திறந்து ஈறையும் கன்னத்தையும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்.

‘வாய்ப் புற்று’ தவறு என்பதை ஒப்புக்கொள்பவர்கள் அடுத்து நீட்டும் சொல் ‘வாய்த்தொண்டை’. இதற்கு ஆதரவாளர்கள் அதிகம். எனக்குத் தெரிந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரே இதற்காக என்னோடு ஒரு மாலைப் பொழுது முழுவதும் வாதிட்டார். பள்ளிப் பாடநூல்களில் ஃபேரிங்ஸ் என்பதற்குத் தொண்டை என்றுதான் இருக்கிறது, தம்முடைய துறையின் பெயர்ப்பலகையிலும் அதுவே இருக்கிறது, பிறகு எதற்குப் புதுச்சொல் என்பது அவர் வாதம். அந்தப் பெயர்ப்பலகையே என் மறுமொழி. அதில் உள்ள ‘தொண்டை’ குரல்வளையையும் உள்ளடக்கியதுதானே? பேச்சுவழக்கு அதைவிடத் தாராளமானது. தொண்டை கட்டிக்கொண்டது என்கிறோம், கட்டிக்கொண்டது குரல்நாண். தொண்டையில் மீன்முள் சிக்கியது என்கிறோம். முள் பெரும்பாலும் டான்சிலிலோ முதல்நாவிலோ குத்தி நிற்கிறது. தொண்டைக்குழி என்று காட்டுவதோ கழுத்தின் வெளிப்புறப் பள்ளத்தை. இத்தனை இடங்களுக்கும் பொதுவாகிவிட்ட சொல்லின் முன்னால் ‘வாய்’ என்ற அடையை ஒட்டிவிட்டால், கேட்பவர் ‘வாயும் தொண்டையும்’ என்று உம்மைத்தொகையாகத்தான் பிரிப்பார். நான் பார்த்த துண்டறிக்கைகள் இரண்டில் அச்சிட்டவர்களே அப்படிப் பிரித்து, ‘வாய், தொண்டை’ என்று நடுவில் காற்புள்ளியும் வைத்திருந்தார்கள். புகையால் வரும் குரல்வளைப் புற்றும் புகையிலையால் வரும் கன்னப் புற்றும் அந்தக் காற்புள்ளியின் இருபுறமும் வந்து உட்கார்ந்துகொண்டன. சொல்ல வந்த நோய் எங்கோ போயிற்று. போகிற போக்கில் இன்னொன்று: பழைய இலக்கியத்தில் தொண்டை என்பது கோவைக்கொடிக்கும் பெயர், அதன் கனியை மகளிர் இதழுக்கு உவமையாக்கித் ‘தொண்டைவாய்’ என்று பாடியிருக்கிறார்கள். வாய்த்தொண்டையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் காதல் பாட்டு வந்துவிடும்.

ஆகவே ‘மிடறு’ வேண்டும் என்கிறேன். இது அகராதியிலிருந்து தூசி தட்டி எடுத்த சொல் அன்று. புறநானூற்றின் முதற்பாட்டே இறைவனின் ‘கறைமிடறு’ பற்றிப் பேசுகிறது. ‘ஒரு மிடறு தண்ணீர்’ என்று இன்றும் கேட்கிறோம். ஒருமுறை விழுங்கும் அளவுக்கு, விழுங்கும் இடத்தின் பெயரே ஆகிவந்திருக்கிறது. உணவுக் கவளம் நாக்கைக் கடந்து நம் விருப்பத்தின் ஆட்சியிலிருந்து நழுவி உள்ளே போகும் அந்த இடம் சரியாக நாம் பேசும் இடமே. வாய்க்குப் பின்னால் உள்ளது வாய்மிடறு, மூக்குக்குப் பின்னால் உள்ளது மூக்குமிடறு, கீழே இருப்பது கீழ்மிடறு என்று மூன்றுக்கும் ஒரே அச்சில் பெயர் கிடைத்துவிடுகிறது.

இதற்கு ஒரு கடுமையான தடை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. தொல்காப்பியப் பிறப்பியலில் பன்னிரண்டு உயிரும் ‘மிடற்றுப் பிறந்த வளியின்’ இசைக்கும் என்று வருவதால், அங்கே மிடறு குரல் எழும் இடம், அதாவது இன்றைய குரல்வளை, என்று கொள்ளவே இடமிருக்கிறது. ஆயினும் அந்த உறுப்புக்குக் ‘குரல்வளை’ என்ற பெயர் பாடநூலிலும் மக்கள் வாயிலும் உறுதியாக நிலைத்துவிட்டது. மிடறு அந்தப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்று நெடுங்காலமாயிற்று. இன்றைய வழக்கில் அது விழுங்குவதோடு மட்டுமே ஒட்டியிருக்கிறது. எனவே அதற்கு வரையறுத்த பொருள் ஒன்றைக் கொடுப்பதால் எவருக்கும் இடைஞ்சல் இல்லை. தொண்டைக்கு அப்படி வரையறை விதிக்க எவராலும் முடியாது. எழுதுவோர் ஒன்றைமட்டும் கவனிக்க வேண்டும்: கிணறு கிணற்று நீர் ஆவதுபோல் மிடறு ‘மிடற்றுப் புற்று’ ஆகும்; ‘மிடறுப் புற்று’ ஆகாது.

மருத்துவர்களே இந்த இடத்தைத் தனியாக எடுத்துவைத்துப் பேசுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புற்றின் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக்குழுவின் எட்டாம் பதிப்பு, 2018இல் நடைமுறைக்கு வந்தபோது, எச்.பி.வி. சார்ந்த வாய்மிடற்றுப் புற்றுக்குத் தனி அட்டவணையே போட்டது. முன்பு நான்காம் நிலை என்று எண்ணப்பட்ட நோயாளிகள் பலர் அதன்படி முதல் நிலைக்கு வந்தார்கள். காரணம், இவ்வகைப் புற்று சிகிச்சைக்கு நன்றாக இணங்குகிறது: 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்றாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் வைரஸ் சார்ந்த புற்றில் 82 விழுக்காடு, சாராததில் 57 விழுக்காடு. நோயாளியிடம் சொல்லும் செய்தி இவ்வளவு வேறுபடும்போது நோயின் பெயரைத் தோராயமாகச் சொல்லிவிட்டுப் போக மொழிபெயர்ப்பாளருக்கு என்ன உரிமை இருக்கிறது?

அதே துண்டறிக்கையில் ‘தலை மற்றும் கழுத்துப் புற்றுநோய்’ என்றும் இருந்தது. இரண்டு சொல்லை இணைக்கத் தமிழில் உம்மையும் காற்புள்ளியும் இருக்க, இடையில் ‘மற்றும்’ ஏன் வந்து குந்துகிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். ‘தலைப் புற்று’ என்று கேட்டவுடன் மூளைக் கட்டிதான் நினைவுக்கு வரும். இந்தத் தொகுப்பிலோ மூளை சேர்வதே இல்லை. ‘தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்கள் (மூளை நீங்கலாக)’ என்று ஒருமுறை விளக்கிவிட்டால் போதும். ‘எச்.பி.வி. நேர்மறைப் புற்றுநோய்’ என்ற தொடரையும் அடித்தேன். நேர்மறை எண்ணம் வளர்க்கச் சொல்லி நாள்தோறும் அறிவுரை கேட்கும் வாசகருக்கு, நேர்மறைப் புற்றுநோய் ஏதோ விரும்பத்தக்க வகை என்று தோன்றாதா? ‘எச்.பி.வி. சார்ந்த’ என்றாலே பொருள் விளங்கிவிடுகிறது. ‘பாப்பிலோமா’வை நான் தொடவில்லை. முலைக்காம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு கட்டி என்னும் பொருள்படும் ஈற்றைச் சேர்த்த பெயர் அது. ‘மருத் தீநுண்மி’ என்று ஆக்கினால் சொல் தூய்மைதான், ஆனால் தடுப்பூசிச் சீட்டில் ‘எச்.பி.வி.’ என்று இருப்பதை வாசகர் அடையாளம் காண வேண்டுமே.

திருத்திய வரி இது: ‘எச்.பி.வி. வைரஸ் இருபாலருக்கும் வாய்மிடற்றுப் புற்றுநோயை, அதாவது டான்சிலிலும் நாக்கின் பின்பகுதியிலும் தோன்றும் புற்றுநோயை, உண்டாக்கக்கூடும். புகையிலையாலும் பாக்காலும் வரும் வாய்ப் புற்றுநோய் வேறு.’ அச்சாகி வந்தபோது வாய்மிடறு போய் வாய்த்தொண்டை ஏறியிருந்தது. ‘அதாவது’ முதல் கடைசி வரை உள்ளதை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.