ஏயோலியன்: பாலைவனப் படிவா, வளிப்படிவா?

தொன்மையான மணற்கற்களைப் பற்றி எழுதும் நிலவியலாளர்கள் ‘ஏயோலியன்’ என்னும் அடைமொழியை அடிக்கடி கையாள்கிறார்கள். தமிழில் இதைப் ‘பாலைவன மணற்கல்’ என்று பெயர்த்துவிடும் வழக்கம் உண்டு. கேட்பதற்கு இயல்பாக இருக்கும் அந்தப் பெயர்ப்பு, மூலச்சொல் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு, அது சொல்வதை விட்டுவிடுகிறது. ஏயோலியன் என்பது மணலைக் கொண்டுவந்து குவித்தது எது என்பதைக் குறிக்கிறது. குவிந்த இடம் எத்தகைய நிலம் என்பதைப் பற்றி அச்சொல்லில் ஒரு குறிப்பும் இல்லை.

கிரேக்கத் தொன்மத்தில் காற்றுகளுக்குக் காவலனாக வரும் அயோலோஸின் பெயரிலிருந்து இச்சொல் பிறந்தது. ஹோமரின் ஒடிசியில், மிதக்கும் தீவொன்றில் வாழும் இவன், ஊர் திரும்பும் ஒடிசியஸுக்காக எதிர்க்காற்றுகளை எல்லாம் ஒரு மாட்டுத்தோல் பையில் கட்டிக் கொடுக்கிறான்; உள்ளே பொன்னும் வெள்ளியும் இருப்பதாக எண்ணிய மாலுமிகள் பையை அவிழ்க்க, கப்பல் புறப்பட்ட இடத்துக்கே அடித்துச் செல்லப்படுகிறது. சிசிலிக்கு வடக்கே உள்ள தீவுக்கூட்டத்துக்கு அவன் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அதே வடிவில் கிரேக்கத்தில் ஓர் உரிச்சொல்லும் உண்டு; விரைந்து அசைவது, நிறம் மாறி மின்னுவது என்பன அதன் பொருள்கள். சின்ன ஆசியாவின் ஏயோலிஸ் என்னும் பகுதியும் அதன் பெயரால் அமைந்த கிரேக்கக் கிளைமொழியும் வேறோர் அயோலோஸின் பெயரைத் தாங்கியவை என்பதால், அகராதியில் அவற்றைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.

ஆக, மூலச்சொல்லில் இருப்பது காற்று மட்டுமே. அதற்குத் தமிழில் காற்று, வளி, கால் என்று சொற்கள் நிறைய இருக்கின்றன. கரிகாலனின் முன்னோனை ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்று புறநானூற்றின் 66ஆம் பாட்டு கூறுகிறது; காற்றின் இயக்கத்தைத் தனக்கு ஏற்பப் பயன்படுத்திக் கடலில் கலம் செலுத்தியவன் என்பது கருத்து. வளி என்பது வெறுமனே சூழ்ந்திருக்கும் காற்றை மட்டுமன்றி, வேலை செய்யும் காற்றையும் குறித்தது என்பதற்கு இந்த ஆட்சி போதும். படிதல் என்னும் வினையிலிருந்து வந்த ‘படிவு’ நிலவியலில் முன்பே வழங்குவதால், ‘வளிப்படிவு’, ‘வளிப்படிவு மணற்கல்’ என்பவை பொருத்தமான நிகரிகள். பள்ளி மாணவர்க்கு எழுதுவோர் ‘காற்றுப்படிவு’ என்றாலும் குற்றமில்லை. மணல் என்பதும் கல் என்பதும் சேரும்போது மணற்கல் என்றே புணரும். ‘மணல்கல்’ என்று பிரித்து எழுதுவது கண்ணை உறுத்துகிறது.

இதன் இணைச்சொல் ‘ஃபுளூவியல்’. ஓடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து ஆற்றைக் குறிக்கும் பெயர் தோன்றி, அதிலிருந்து இந்த அடைமொழி வந்தது. ‘ஆற்றுப்படிவு’ என்பது இதற்கு நேரான தமிழ். ‘வண்டல்’ என்று எழுதினால் பொருள் சுருங்கிவிடும். அச்சொல் நமக்கு நினைவூட்டுவது நுண்ணிய சேற்றுப் படிவை, ஆறோ கூழாங்கல்லையும் பருமணலையும் சேர்த்தே உருட்டி வருகிறது.

காற்றையும் ஆற்றையும் கல்லில் பிரித்தறிவது எப்படி? மணல் என்று நிலவியலார் சொல்வது 1/16 மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரையுள்ள துகளை. நீரின் அடர்த்தி காற்றினதைப் போல ஏறத்தாழ 800 மடங்கு என்பதால், ஆறு எளிதாக நகர்த்தும் கூழாங்கல்லைக் காற்றால் அசைக்க முடியாது. நுண்தூசியையோ காற்று வெகுதொலைவுக்குத் தூக்கிச் சென்றுவிடும். இடைப்பட்ட அளவுள்ள மணிகள் மட்டும் தரையோடு துள்ளித் துள்ளி நகர்ந்து குன்றாகக் குவிகின்றன. வட ஆப்பிரிக்கப் பாலைநிலத்தில் பயணங்கள் செய்து, பின்னர்க் காற்றுக்குழாயில் சோதனைகள் நடத்திய ரால்ஃப் பேக்னால்ட் என்னும் பிரித்தானியப் படைப்பொறியாளர், இந்தத் துள்ளலின் இயற்பியலை 1941இல் நூலாக்கினார். நீருக்குள் மோதும் மணிகளுக்கு நீரே மெத்தையாக இருக்கிறது. காற்றில் அந்தத் தடுப்பு இல்லை. எனவே காற்றில் துள்ளிய மணிகள் முனைகள் மழுங்கி உருண்டு, மேற்பரப்பு தேய்த்த கண்ணாடிபோல் மங்கிவிடுகின்றன. இங்கிலாந்தின் பென்ரித் மணற்கல்லில் உள்ள இத்தகைய மணிகளைச் சிறுதானிய மணிக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டார்கள். தினையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தவர்க்கு அந்த ஒப்புமை உடனே விளங்கும்.

துகளைவிடத் தெளிவான சான்று அடுக்கின் சாய்வு. காற்று வீசும் பக்கத்தில் மெல்ல ஏறும் மணல், முகட்டைத் தாண்டியதும் மறுபக்கச் சரிவில் சரிந்து, உலர்மணல் நிற்கக்கூடிய 30 முதல் 34 பாகை வரையிலான சாய்வில் தங்குகிறது. குன்று நகர நகர அந்தச் சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைகின்றன. கல்லான பிறகு அவை பல மீட்டர் உயரத்துக்கு வளைந்து எழும் சாய்வடுக்குகளாகத் தெரிகின்றன. ஆற்றிலும் சாய்வடுக்கு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் முழ அளவிலேயே நின்றுவிடும். அதன் அடியில் கால்வாய் அரித்த தடமும், கூழாங்கல்லும், கிழிந்த சேற்றுச் சில்லுகளும் இருக்கும். மேலே போகப்போக மணல் நுண்ணியதாகும். ஆற்று மணற்கல்லில் மினுங்கும் மைக்கா ஏடுகள், காற்றுப்படிவில் அரிதாகவே எஞ்சுகின்றன.

இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்க அமெரிக்காவின் யூட்டா மாநிலம் நல்ல இடம். அங்குள்ள ஸயன் தேசியப் பூங்காவின் செங்குத்துப் பாறைச் சுவர்கள் நவாஹோ மணற்கல்லால் ஆனவை. ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் முற்பகுதியில், அப்பகுதியைப் பெரும் மணற்குன்றுகள் மூடியிருந்தன; இன்று அந்தப் படிவின் தடிமன் ஸயனில் ஏறத்தாழ 600 மீட்டர். அதற்கு நேர் கீழே கிடக்கும் கயென்டா படிவம் ஆறுகள் விட்டுச் சென்றது. டைனோசர் கால்தடங்களும் அதில் உண்டு. வியப்பு இதோடு முடியவில்லை. நவாஹோ மணலில் கலந்துள்ள சிர்க்கான் என்னும் கனிம மணிகளின் வயதை, யுரேனியம் சிதைந்து ஈயமாவதைக் கொண்டு கணிக்கும் யுரேனியம்–ஈய முறையில் அளந்தபோது, அவற்றில் கணிசமான பங்கு கண்டத்தின் கிழக்கு விளிம்பிலுள்ள அப்பலாச்சிய மலைகளிலிருந்து வந்தது என்று தெரிந்தது. பேராறுகள் கண்டத்தின் குறுக்கே கொண்டுவந்து கொட்டிய மணலை எடுத்துத்தான் காற்று குன்றாக்கியிருக்கிறது. அக்குன்றுகளின் சரிவுகளில் ஈரத்தால் மணல் சரிந்த தடங்கள் ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, அங்கு ஆண்டுதோறும் பருவமழை பெய்தது என்று 2001இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். குன்றுகளுக்கு இடையே குளங்கள் கிடந்ததற்குச் சுண்ணாம்புக்கல் படலங்களும், மரங்கள் நின்றதற்குக் கல்மரங்களும் சான்று. இத்தனையையும் ‘பாலைவன மணற்கல்’ என்னும் ஒரே பெயரில் அடைத்தால், எது காற்றின் வேலை, எது ஆற்றின் வேலை என்பது மறைந்துபோகும்.

ஐரோப்பாவில் ‘ரோட்லீகெண்ட்’ என்றொரு படிவுத் தொகுதி உண்டு. செம்புத் தாதுள்ள களிப்பாறைக்குக் கீழே, தாது ஏதும் இல்லாமல் கிடந்த சிவந்த பாறையைச் ‘செத்துக் கிடக்கும் சிவப்பு’ என்று ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர் அழைத்ததிலிருந்து வந்த பெயர் அது. ஜுராசிக்குக்கும் முந்தைய பெர்மியன் காலத்துப் பாலைநிலப் படிவுதான். ஆயினும் அதற்குள் வளிப்படிவும், திடீர் வெள்ளத்தின் ஆற்றுப்படிவும், உப்பேரிப் படிவும் கலந்தே கிடக்கின்றன. செத்தது என்று ஒதுக்கிய அதே பாறையில்தான் 1959இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெய், எரிவாயுத் துறையில் இந்தச் சொல்வேறுபாடு பணத்தோடு தொடர்புடையது: ஒரே அளவுள்ள உருண்டை மணிகளால் ஆன குன்றுமணல் பொதுவாக எரிவாயு தங்குவதற்கு இடம் தரும் நுண்துளைகளை அதிகம் கொண்டது, சேறு கலந்த வெள்ளப்படிவு அப்படியல்ல.

தமிழ்ப் ‘பாலை’யும் மணலைக் குறித்த சொல் அன்று. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து ‘பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’ என்கிறது சிலப்பதிகாரம். வெம்மையால் நிலம் அடையும் நிலையே அங்குப் பேசப்படுகிறது. உலகப் பாலைவனங்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மணல் மூடியது. மீதி கல்லும் சரளையும். ஆகவே வறண்ட காலநிலை தனிச்சான்றால் உறுதிப்பட்ட இடத்தில் மட்டும் ‘பாலை’ என்னும் அடையைப் பயன்படுத்துவதே முறை.

நம் பக்கத்திலும் ஆற்றுப்படிவு, வளிப்படிவு இரண்டுக்கும் சான்று உண்டு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில், கடலூர் மணற்கல்லுக்குள் கிடக்கும் கல்மரங்கள் வேரும் கிளையுமின்றிப் படுத்திருக்கின்றன. வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் வந்தவை என்பதற்கு அதுவே அடையாளம், அது ஆற்றுப்படிவு. தூத்துக்குடி மாவட்டத்தில் குதிரைமொழி போன்ற தேரிகளில் குவிந்திருப்பதோ, இரும்பு ஆக்சைடு பூசிச் சிவந்த, காற்று சேர்த்த மணல். தேரி என்னும் சொல் ஆங்கில நிலவியல் கட்டுரைகளிலும் அப்படியே வழங்குகிறது. கடலருகே, பனையும் உடைமரமும் நிற்கும் அந்த மேடு இன்னும் கல்லாகவில்லை. என்றேனும் அது இறுகிக் கல்லானால், அதை ஏயோலியன் என்று அழைப்பதில் தவறிராது. பாலைவன மணற்கல் என்று எழுதினால் அது பிழை.