ஒரே பெட்டி, ஆளுக்கொரு புதையல்

பலர் ஒரே உலகில் சேர்ந்து விளையாடும் மைன்கிராஃப்ட் சர்வரில் தாமதமாகச் சேர்பவருக்குப் பெரும்பாலும் காலிப் பெட்டிகளே மிஞ்சும். பாலைவனப் பிரமிடின் அடியில் இருக்கும் நான்கு பெட்டிகளையும் முன்பே யாரோ துடைத்தெடுத்திருப்பார்கள். தேடிக் கண்டடைவதே உயிராக உள்ள விளையாட்டில் இதைச் சிறிய குறையாக நான் நினைக்கவில்லை. ஒரே பெட்டி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் புதையல் தரும் முறை இதற்காகவே வந்தது.

அது எப்படி முடிகிறது என்று அறிய, பெட்டி நிரம்பும் விதத்தைப் பார்க்க வேண்டும். உலகம் உருவாகும்போது அதற்குள் பொருள் எதுவும் வைக்கப்படுவதில்லை. எந்தப் பட்டியலிலிருந்து எடுப்பது, குலுக்கலின் முடிவைத் தீர்மானிக்கும் எந்த விதை எண்ணைக் கொண்டு குலுக்குவது என்ற இரண்டு குறிப்புகள்தான் இருக்கும். 'லூட் டேபிள்' எனப்படும் அந்தப் பட்டியல்கள், 2016இல் வந்த ஜாவா பதிப்பு 1.9 முதல் தனிக் கோப்புகளாக இருக்கின்றன. முதல் ஆள் மூடியைத் திறக்கும் கணத்தில்தான் குலுக்கல் நடக்கிறது. 27 கட்டங்களில் சிலவற்றில் பொருள்கள் வந்து அமர்கின்றன. உடனே குறிப்புகள் அழிகின்றன. அதற்குப் பிறகு அது வெறும் பெட்டி.

அந்த அழிப்பைத்தான் 'லூட்டர்' போன்ற மோட்கள், அதாவது விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்கள், தடுக்கின்றன. குறிப்பு பெட்டியிலேயே தங்குகிறது. திறப்பவர் யாரென்று சர்வர் பார்த்து, 'இந்தப் பெட்டி, இந்த ஆள்' என்ற இணைக்கு மட்டும் ஓர் உள்ளடக்கத்தைக் குலுக்கித் தனியே சேமிக்கிறது. ஆளை அறிவது பெயரால் அல்ல, 128 பிட் நீளமுள்ள அடையாள எண்ணால். பெயரை 2015 முதல் மாற்றிக்கொள்ள முடியும், எண் மாறாது. இருவர் ஒரே நேரத்தில் திறந்தாலும் ஆளுக்கொரு சரக்கைக் காண்பார்கள். எல்லோருக்கும் ஒரே விதை எண்ணைக் கொடுத்தால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்கள்தான் வரும். ஆளுக்கு ஆள் விதையை மாற்றுவதே நல்லது. அப்போதுதான் பண்டமாற்றுக்கு இடமிருக்கும்.

சிக்கல், திறப்பவர் ஆளாக இல்லாதபோது எழுகிறது. வழக்கமான விளையாட்டில் பெட்டிக்கு அடியில் ஹாப்பர் (மேலே உள்ள பொருள்களைத் தானாக இழுக்கும் கட்டை) வைத்தால் குலுக்கல் நடந்து பொருள்கள் கீழே இறங்கிவிடும். ஆளுக்கொரு பங்கு என்றால் ஹாப்பர் யாருடைய பங்கை இழுக்கும்? விடை கிடையாது, ஆகவே இழுக்க விடாமல் மறிப்பதே ஒரே வழி. பெட்டியை உடைப்பதும் அப்படித்தான்: ஒருவர் உடைத்தால் இன்னும் வராத அத்தனை பேரின் பங்கும் போய்விடும்.

2024இல் வந்த 1.21 பதிப்பின் வால்ட் எனும் பரிசுப் பெட்டகம் இதே தேவையை வேறு விதமாகத் தீர்க்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. சாவியுடன் வருபவருக்கு அது பொருள்களை வெளியே எறிந்துவிடுகிறது. உள்ளடக்கம் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. பெற்றவர்களின் அடையாள எண்கள் போதும். அந்தப் பட்டியலில் 128 பேருக்கு இடமுண்டு. அதற்கு மேல் போனால் மிகப் பழைய எண் விடுபடும். ஆனால் எறிந்த பொருள் பொது நிலத்தில் விழுகிறது, பக்கத்தில் நிற்பவர் அதை எடுத்துவிடலாம்.

பேப்பர் எனும் சர்வர் மென்பொருளில், குறித்த நேரம் கழித்துப் பெட்டியை மீண்டும் நிரப்பும் வசதி இருக்கிறது. பெட்டி அப்போதும் பொதுவானதுதான். ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் முதலில் வருபவரே அள்ளிச் செல்வார்.

தனிப் புதையலுக்கும் விலை உண்டு. மந்திரம் ஏறிய தங்க ஆப்பிளை 1.9 முதல் யாரும் செய்ய முடியாது, புதையலில்தான் கிடைக்கும். நூறு பேர் அதே பெட்டியைத் திறந்தால் நூறு குலுக்கல்கள். அரிதாக இருந்ததன் சந்தை மதிப்பு சரியும். வணிகத்தை நம்பி நடக்கும் சர்வர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும். இறக்கையான எலிட்ராவோ பெட்டியிலேயே இருப்பதில்லை. என்ட் எனும் தனி உலகில் மிதக்கும் கப்பலில் ஒரு சட்டத்தில் மாட்டப்பட்ட ஒற்றைப் பொருள் அது. அதற்குக் குலுக்கலும் இல்லை, குறிப்பும் இல்லை. அதை ஆளுக்கொன்றாக்க, அந்தச் சட்டத்துக்கென்றே தனியாக நிரல் எழுத வேண்டும்.